கனரக வாகனப் பயிற்சி: பாதிக் கட்டணத்தில் சான்று தரும் பள்ளியோடு நியாயமாகப் போட்டியிட முடியுமா?

இரட்டைப் பிரேக் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நாமக்கல் பக்கம் ஒரு சிறிய ஊரில் பதினான்கு ஆண்டுகளாக ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்திவருகிறேன். ஒரு லாரி, இரண்டு கார்கள், என்னையும் சேர்த்து மூன்று பயிற்றுநர்கள் என்பதுதான் என் பள்ளியின் அளவு. லாரியில் ஏறிப் பிழைக்க வருகிற பிள்ளைகளுக்கு ஹெவி லைசென்ஸ் வாங்கிக்கொடுப்பதே இங்கே முதன்மையான தொழில். குட்டி யானை போன்ற சிறிய சரக்கு வண்டிகளுக்கு முன்பு தனியாகப் போக்குவரத்து உரிமம் எடுக்க வந்தவர்கள் இப்போது வருவதில்லை. 7,500 கிலோ வரையுள்ள வண்டிக்கு இலகுரக உரிமமே போதும் என்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் 2017-இல் சொன்னதை, 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வும் உறுதிசெய்துவிட்டது. அந்தத் தீர்ப்பில் எனக்கு வருத்தம் இல்லை, அது ஏழை ஓட்டுநர்களுக்கு நல்லதே செய்தது. ஆனால் எங்களைப் போன்ற பள்ளிகளுக்கு மிச்சமிருப்பது கனரக வாகனப் பயிற்சி மட்டும் என்பதால், அந்த ஒன்றைச் சுற்றிப் போட்டி கடுமையாகிவிட்டது.

நான் கனரகப் பயிற்சிக்கு 12,000 ரூபாய் வாங்குகிறேன். எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஒரு பள்ளி 6,500 ரூபாய்க்கு "வகுப்புக்கு வர வேண்டியதில்லை, தேர்வு நாளன்று வந்தால் போதும்" என்று சொல்லி ஆள் சேர்க்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 31-ஆம் விதிப்படி போக்குவரத்து வாகனத்துக்குக் குறைந்தது 30 நாள் பயிற்சியும், அதற்குள் குறைந்தது 15 மணி நேரம் கையால் ஓட்டுவதும் இருக்க வேண்டும். என் பழைய லாரி பயிற்சியின்போது மணிக்கு ஏறத்தாழ நான்கு லிட்டர் டீசல் குடிக்கிறது. 15 மணிக்கு 60 லிட்டர் என்றால், லிட்டருக்கு 92 ரூபாய் என்று வைத்தாலும் டீசலுக்கு மட்டும் 5,520 ரூபாய் போய்விடும். பயிற்றுநர் சம்பளம், இன்சூரன்ஸ், எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று), டயர், இட வாடகை எல்லாவற்றையும் மீதமுள்ள 980 ரூபாயில் யாரால் முடிக்க முடியும்? அங்கே பயிற்சி நடப்பதில்லை, படிவம் 5 என்ற சான்று மட்டும் விற்கப்படுகிறது என்பது ஊரறிந்த செய்தி.

இதற்கிடையில் எங்கள் வட்டாரத்துப் பள்ளிகள் பதினொன்றும் சேர்ந்து, கனரகப் பயிற்சிக்கு 11,000 ரூபாய்க்குக் குறைவாக யாரும் வாங்கக் கூடாது, மீறுகிறவரைச் சங்கத்திலிருந்து விலக்கிவிடுவது என்று எழுதிக் கையெழுத்துக் கேட்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா என்று மனம் ஊசலாடுகிறது. கூடவே, அங்கீகாரம் பெற்ற பெரிய பயிற்சி மையம் ஒன்று எங்கள் பக்கம் வரப்போவதாகச் சொல்கிறார்கள். அங்கே படித்தவர்களுக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஓட்டுத் தேர்வே கிடையாதாம். இந்த மூன்றுக்கும் நடுவில் என்னைப் போன்ற சிறிய பள்ளி நேர்மையாக நிலைக்க வழி உண்டா, சட்டம் தெரிந்தவர்களும் தொழில் தெரிந்தவர்களும் சொல்ல வேண்டுகிறேன்.

வழக்குக்கட்டு

ஐயா, முதலில் கையெழுத்து விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் தாமதித்தால் ஆபத்து உங்களுக்குத்தான். தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள். ஒரே தொழிலில் போட்டியிடுகிறவர்கள் கூடி விலையை நிர்ணயித்துக்கொள்வது 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்தின் பிரிவு 3, உட்பிரிவு 3-இன் கீழ் வருகிறது. அத்தகைய உடன்பாடு சந்தைப் போட்டியைக் கெடுக்கும் என்று சட்டமே முன்கூட்டி அனுமானித்துக்கொள்கிறது. இல்லை என்று நிரூபிக்க வேண்டிய சுமை உடன்பாடு செய்தவர்கள் தலையில் விழும். "நியாயமான விலைதானே, நஷ்டமில்லாமல் நடத்தத்தானே" என்ற வாதம் அங்கே எளிதில் எடுபடாது. சங்கம் என்ற பெயரில் செய்தாலும் விலக்கு இல்லை. மருந்துக் கடைச் சங்கங்கள் தங்களிடம் தடையில்லாச் சான்று பெறாமல் யாரையும் மொத்த விற்பனையாளராக நியமிக்கக் கூடாது என்று நிறுவனங்களைக் கட்டுப்படுத்திய வழக்குகளில் இந்தியப் போட்டி ஆணையம் அச்சங்கங்களுக்குப் பலமுறை அபராதம் விதித்திருக்கிறது. விலை உடன்பாட்டுக்கு அபராதம், அந்த உடன்பாடு நீடித்த ஒவ்வோர் ஆண்டின் இலாபத்தைப் போல் மூன்று மடங்கு வரையிலோ விற்றுமுதலில் பத்து விழுக்காடு வரையிலோ, எது அதிகமோ அதுவரை போகலாம். குறைந்த விலைக்காரரை விலக்குவது என்ற வாசகம் அந்தத் தாளில் இருப்பது நிலைமையை இன்னும் மோசமாக்குகிறது. உங்கள் மாணவர் ஒருவரோ, கோபம் கொண்ட ஓர் உறுப்பினரோ அந்தத் தாளை ஆணையத்துக்கு அனுப்பினால் போதும்.

6,500 ரூபாய்ப் பள்ளியைப் போட்டி ஆணையத்துக்குக் கொண்டுபோக முடியுமா என்றால், முடியாது என்றே நினைக்கிறேன். அடக்கத்துக்கும் குறைவாக விற்றுப் போட்டியாளரை அழிப்பது பிரிவு 4-இன் கீழ்க் குற்றமாவதற்கு, விற்பவர் அந்தச் சந்தையில் ஆதிக்க நிலையில் இருக்க வேண்டும். ஒரு லாரியோ இரண்டு லாரியோ வைத்திருக்கிற ஊர்ப்புறப் பள்ளி எந்தக் கணக்கிலும் ஆதிக்க நிறுவனம் ஆகாது. குறைந்த விலை மட்டும் குற்றமும் ஆகாது. அவர் உண்மையிலேயே 15 மணி நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கைக்காசைப் போட்டு 6,500-க்கு நடத்தினால் அது அவர் விருப்பம், மாணவனுக்கும் லாபம்.

ஆகவே உங்கள் குறை விலையைப் பற்றியது அன்று, தராத பயிற்சிக்குச் சான்று தருவதைப் பற்றியது. அதற்கான சட்டம் அந்த மத்திய மோட்டார் வாகன விதிகளுக்குள்ளேயே இருக்கிறது. 27-ஆம் விதி, சேர்ந்த மாணவர்களுக்குப் படிவம் 14-இல் பதிவேடும், ஒவ்வொரு மாணவரும் எந்த வண்டியில் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்பதற்குப் படிவம் 15-இல் பதிவும் வைக்கச் சொல்கிறது. அதே விதியில், சட்ட வழியில் அல்லாமல் வேறு வழியில் உரிமம் வாங்கித் தர முடியும் என்று யாரையும் நம்பவைக்கும் விதத்தில் பள்ளி நடந்துகொள்ளக் கூடாது என்றும் இருக்கிறது. "வகுப்புக்கு வர வேண்டியதில்லை" என்ற சொல் இந்த நிபந்தனைக்கு நேர் எதிரானது. மீறினால் பள்ளியின் உரிமத்தை நிறுத்திவைக்கவோ ரத்துசெய்யவோ 28-ஆம் விதி உரிமம் வழங்கும் அலுவலருக்கு அதிகாரம் தருகிறது.

அந்த வாக்குறுதியைத் துண்டறிக்கையாகவோ வாட்ஸ்அப் விளம்பரமாகவோ வெளியிட்டிருந்தால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் தவறான விளம்பரம் என்ற வரையறைக்குள்ளும் அது வரும். ஏமாந்த மாணவர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். ஆனால் சான்று மட்டும் போதும் என்று தெரிந்தே பணம் கட்டியவர் முறையிட வருவாரா என்பது வேறு கேள்வி.

புளியமர நிழல்

நான் போக்குவரத்துத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மக்கள் இன்றைக்கும் "பிரேக் இன்ஸ்பெக்டர்" என்று அழைக்கிற வேலைதான். எந்த அலுவலகம் என்று சொல்ல விரும்பவில்லை.

மேலே வழக்குக்கட்டு அவர்கள் எழுதியதெல்லாம் சரி. ஆனால் "பயிற்சி தரவில்லை" என்று மொட்டையாக எழுதிய புகார் அலுவலகத்தில் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆய்வாளர் போவார், படிவம் 15 எழுதி நிரப்பிய நிலையில் மேசைமேல் இருக்கும், கையெழுத்துகளும் இருக்கும், கோப்பு முடிந்துவிடும். நானே அப்படி முடித்த கோப்புகள் உண்டு, அதை நினைத்து இன்றைக்கு வருந்துகிறேன். பதிவேட்டை ஒவ்வொரு வரியாகப் பார்த்தால் பொய் தெரியாது, மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்பதை நான் பணியின் கடைசி ஆண்டுகளில்தான் புரிந்துகொண்டேன்.

கணக்கு மிக எளிது. ஒரு லாரி நாளைக்கு எட்டு மணி நேரம், மாதத்துக்கு 25 நாள் ஓடினால் 200 மணி. ஒரு மாணவருக்கு 15 மணி என்றால் மாதத்துக்குப் பதின்மூன்று பேருக்கு மேல் அந்த லாரியால் பயிற்சி தரவே முடியாது. விடியற்காலையிலிருந்து இரவு வரை பத்து மணி நேரம், ஞாயிற்றுக்கிழமையும் விடாமல் 30 நாள் ஓட்டினாலும் 300 மணி, இருபது பேர். நடுவில் டயர் மாற்றுவது, எஃப்.சி.க்குப் போவது, மழை எல்லாம் உண்டு. ஒரே ஒரு கனரக வண்டியைக் காட்டி உரிமம் வாங்கிய பள்ளி மாதம் நாற்பது, ஐம்பது சான்று கொடுத்திருந்தால் அதற்குமேல் சாட்சி எதற்கு? பயிற்றுநர் எண்ணிக்கையையும் இதே வழியில் சரிபார்க்கலாம். ஒரே பயிற்றுநர் காலை எட்டு மணிக்குக் காரிலும் அதே எட்டு மணிக்கு லாரியிலும் இருந்ததாக இரண்டு பதிவேடுகள் சொல்வதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எனவே பள்ளிவாரியாக, மாதவாரியாக, போக்குவரத்து வாகன உரிம விண்ணப்பங்களோடு வந்த படிவம் 5 சான்றுகள் எத்தனை, அந்தப் பள்ளிக்கு ஒப்புதல் தரப்பட்ட கனரக வண்டிகள் எத்தனை, பயிற்றுநர்கள் எத்தனை, கடந்த மூன்று ஆண்டுகளில் அந்தப் பள்ளிகளை எத்தனை முறை ஆய்வு செய்தார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மாணவர் பெயர் கேட்காதீர்கள், தனிப்பட்ட விவரம் என்று மறுத்துவிடுவார்கள். எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள். ஒரு பள்ளியை மட்டும் குறிவைத்துக் கேட்காமல் அந்த அலுவலக எல்லைக்குட்பட்ட எல்லாப் பள்ளிகளையும், உங்கள் பள்ளியையும் சேர்த்தே கேளுங்கள். அப்போதுதான் அது தொழில்பகையாகத் தோன்றாது.

ஆறு சக்கரம்

எனக்கு நான்கு லாரிகள் உள்ளன, கிளீனர் வேலையிலிருந்து தொடங்கி வந்தவன். பயிற்சிப் பள்ளிக்காரர்கள் பேசும்போது விட்டுப்போகிற ஒரு பக்கத்தை நான் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

எங்கள் தொழிலில் லாரி ஓட்டக் கற்றுக்கொண்டவர்களில் பெரும்பாலோர் பள்ளியில் கற்றுக்கொண்டவர்கள் அல்லர். கிளீனராகப் போகிறோம், ஓட்டுநர் அண்ணன் நல்ல மனநிலையில் இருக்கும்போது ஆளில்லாத பைபாஸில் ஸ்டீயரிங்கைக் கொடுக்கிறார், இரண்டு மூன்று ஆண்டில் கை பழகிவிடுகிறது. பிறகு உரிமம் எடுக்கப் போகும்போது பள்ளிச் சான்று வேண்டும் என்கிறார்கள். வண்டியில் போனால் கிடைக்கிற படியையும் சம்பளத்தையும் விட்டுவிட்டு முப்பது நாள் ஊரில் உட்கார்ந்து, தெரிந்த வேலையைக் கற்றுக்கொள்ள 12,000 ரூபாய் கட்டு என்றால் அந்தப் பையன் என்ன செய்வான்? 6,500 ரூபாய்ப் பள்ளியைத் தேடித்தான் போவான். அந்தப் பள்ளி இல்லாவிட்டால் இன்னொன்று முளைக்கும். தேவை இருக்கிறவரை விற்பவர் இருப்பார்.

இதைச் சொல்வதால் சான்று விற்பனையை நான் ஆதரிப்பதாக நினைக்க வேண்டாம். மூன்று ஆண்டுகளுக்கு முன் புதிய ஓட்டுநர் ஒருவரை உரிமத்தைப் பார்த்து மட்டும் வேலைக்கு எடுத்தேன். ஒரு கிடங்கில் பின்னால் எடுக்கும்போது கண்ணாடியைப் பார்க்கத் தெரியாமல் சுமைதூக்கும் அண்ணன் ஒருவரின் காலைச் சுவரோடு நசுக்கிவிட்டார். அவர் பிழைத்தார், ஆனால் அந்தக் கால் பழைய நிலைக்கு வரவில்லை. அந்தப் பையனிடம் பிறகு பொறுமையாக விசாரித்தபோது, பள்ளி லாரியில் தான் மொத்தம் இரண்டு முறைதான் ஏறியதாகச் சொன்னான். பைபாஸில் நேராக ஓட்டத் தெரிந்தவனுக்கு, குறுகிய இடத்தில் வண்டியைத் திருப்பத் தெரியவில்லை. கிளீனராக இருந்து கற்றுக்கொள்கிறவனுக்கு எது விட்டுப்போகிறதோ அதைத்தான் பள்ளி கற்றுத்தர வேண்டும்: பின்னால் எடுப்பது, மேட்டில் நிறுத்தி எடுப்பது, இறக்கத்தில் கியரில் பிடிப்பது, சுமை இருக்கும்போதும் இல்லாதபோதும் பிரேக் எப்படி வேறுபடும் என்பது.

அன்றிலிருந்து யாரை எடுத்தாலும் கிடங்கு மைதானத்தில் அரை மணி நேரம் பின்னால் எடுக்கச் சொல்லிப் பார்த்துத்தான் எடுக்கிறேன். அண்ணா, உங்கள் பள்ளியில் படித்தவனுக்கு, எந்தெந்த வேலையை எத்தனை மணி நேரம் செய்தான் என்று எழுதிய ஒரு தாளை நீங்கள் தனியாகக் கொடுத்தால், எங்களைப் போன்ற உரிமையாளர்கள் அதைப் பார்த்து வேலை கொடுப்போம். அது போட்டிக்குச் சட்டத்தைவிட விரைவான வழி. அதிகாலை நான்கரை மணி முதல் ஏழு மணி வரை ஒரு வகுப்பு வைத்தால், உள்ளூர் லோடு அடிக்கிற கிளீனர்கள் வேலையை விடாமல் வர முடியும். முப்பது நாளைக் கூலி இழப்பாகப் பார்க்கிறவர்களுக்கு அது பெரிய உதவி.

தடமும் திரையும்

வேறொரு மாவட்டத்தில் அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையத்தில் பயிற்றுநராக இருக்கிறேன். அதற்குமுன் ஒன்பது ஆண்டுகள் உங்களுடையதைப் போன்ற சிறிய பள்ளியில்தான் வேலை பார்த்தேன், எனவே இரண்டு பக்கத்தையும் தெரிந்து எழுதுகிறேன்.

தேர்விலிருந்து விலக்கு என்பது உண்மைதான். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் இதற்கு இடம் கொடுத்தது. அதையொட்டி வந்த 31பி முதலான விதிகள் 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளன. 2024 ஜூன் 1 முதல் எந்தப் பயிற்சிப் பள்ளியில் படித்தாலும் தேர்வு கிடையாது என்று ஊடகங்களில் பரவிய செய்தி தவறானது. அப்படி மாற்றம் எதுவும் இல்லை என்று அமைச்சகமே விளக்கம் தந்தது. உங்களைப் போல் 24-ஆம் விதியின் கீழ் நடக்கிற சாதாரணப் பள்ளி தருகிற படிவம் 5 தேர்விலிருந்து விலக்கு தராது, எங்கள் மையம் தருகிற படிவம் 5பி மட்டுமே தரும்.

இது சலுகையாகத் தோன்றலாம். ஆனால் அதற்காக எங்களிடம் கேட்கப்படுவதையும் பாருங்கள். நடுத்தர, கனரக வாகனப் பயிற்சி ஆறு வாரத்தில் 38 மணி நேரம், இலகுரக வாகனத்துக்கு நான்கு வாரத்தில் 29 மணி நேரம். ஏக்கர் கணக்கில் நிலம், ஓட்டுதடம், சிமுலேட்டர், திரை வசதியுள்ள வகுப்பறைகள், கைரேகை வருகைப்பதிவு எல்லாம் இருந்தால்தான் அங்கீகாரம். அதுவும் ஐந்து ஆண்டுகளுக்குத்தான், பிறகு புதுப்பிக்க வேண்டும். கைரேகை வைக்காமல் ஒரு மணி நேரத்தையும் கணக்கில் எழுத முடியாது என்பது பயிற்றுநராகிய எனக்கு ஒரு வகையில் நிம்மதி. பழைய பள்ளியில் முதலாளி சொன்னதற்காக வராத மாணவனின் மணிக்கணக்கை எழுதிய நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன.

இருந்தாலும் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். பயிற்சி தருகிறவரே தேர்வும் வைத்துத் தேர்ச்சியும் அறிவிப்பது சரியான ஏற்பாடாக எனக்குப் படவில்லை. என் மாணவன் தோற்றால் என் மையத்துக்குக் கெட்ட பெயர், அடுத்த மாதச் சேர்க்கை குறையும் என்ற எண்ணம் மதிப்பெண் போடுகிற கைக்குள் நுழையாமல் இருக்காது. 38 மணி நேரம் முறையாகப் பயின்றவன் அரசுத் தேர்வில் எளிதாகத் தேறிவிடுவான், அவனுக்கு விலக்கு தேவையே இல்லை. விலக்கு தேவைப்படுகிறவன் பயிற்சி போதாதவன்தான்.

வழக்குக்கட்டு

தடமும் திரையும் அவர்கள் சொன்ன கடைசிக் கருத்தை ஒட்டி மட்டும் ஒரு விளக்கம். அந்த விலக்கு நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் வழியாக வந்த ஒன்று, எனவே அதைப் போட்டி ஆணையம் நீக்க முடியாது. ஆனால் ஒரு கொள்கை சந்தைப் போட்டியை எப்படிப் பாதிக்கும் என்று மத்திய அரசோ மாநில அரசோ ஆணையத்தின் கருத்தைக் கேட்பதற்குப் போட்டிச் சட்டத்தின் 49-ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. அந்தக் கருத்து அரசைக் கட்டுப்படுத்தாது என்றாலும், கேட்கச் சொல்லி மனு கொடுக்கச் சங்கத்துக்கு முழு உரிமை உண்டு. சங்கம் விலை பேசுவதற்குப் பதிலாக இதைச் செய்யலாம்: நிலம் வாங்க முடியாத பள்ளிகளும் கைரேகைப் பதிவையும் 38 மணி நேரத்தையும் ஏற்றுக்கொண்டால், பொதுவான ஓட்டுதடம் ஒன்றைப் பல பள்ளிகள் சேர்ந்து பயன்படுத்த அனுமதிக்க வேண்டும் என்று கேட்கலாம். அரசிடம் சேர்ந்து முறையிடுவது விலை உடன்பாடு ஆகாது.

கேரளத்தில் நடந்ததையும் நினைவில் வையுங்கள். 2024 பிப்ரவரியில் அங்கே போக்குவரத்து ஆணையர் தேர்வு முறையைக் கடுமையாக்கிச் சுற்றறிக்கை விட்டபோது, மே மாதத்தில் பயிற்சிப் பள்ளிகள் தேர்வைப் புறக்கணித்துப் போராடின. அதே ஆண்டில் அரசுப் பேருந்துக் கழகமே சொந்தமாக ஓட்டுநர் பள்ளிகளைத் தொடங்கித் தனியாரைவிடக் குறைந்த கட்டணத்தில் சேர்க்கத் தொடங்கியது. வரிப்பணத்தில் வாங்கிய பணிமனையும் இடமும் உள்ள ஒரு நிறுவனத்தோடு போட்டியிடுவது சமமான ஆட்டமா என்ற கேள்வி அங்கே இன்னொரு வடிவில் எழுந்தது. பொதுமக்கள் பள்ளிகளின் பக்கம் நிற்காமல் போனதற்கு ஒரு காரணம், பள்ளிகள் பயிற்சியின் தரத்தைப் பற்றிப் பேசாமல் தேர்வின் கடுமையைப் பற்றி மட்டும் பேசியது என்பது என் எண்ணம்.

இரட்டைப் பிரேக்

எழுதிய அனைவருக்கும் நன்றி. கையெழுத்துப் போடவில்லை. சங்கச் செயலாளரிடம் சட்டப் பிரிவைச் சொல்லி, அந்தத் தாளைச் சுற்றுக்கு விடாமல் நிறுத்தச் சொன்னேன். அவருக்குக் கோபம்தான், ஆனால் நிறுத்திவிட்டார்.

புளியமர நிழல் ஐயா சொன்ன கணக்கை அடுத்தவர்மீது போடுவதற்குமுன் என்மீது போட்டுப் பார்ப்பதே முறை என்று பட்டதால், நேற்றிரவு என் படிவம் 15 பதிவேட்டை எடுத்து உட்கார்ந்து கடந்த ஆண்டு முழுவதையும் கூட்டினேன். பத்து மாதங்கள் சரியாக இருந்தன, மாதம் எட்டிலிருந்து பன்னிரண்டு பேர். இரண்டு மாதங்கள் சரியாக இல்லை. ஆடி மாதம் லாரி இன்ஜின் வேலைக்காகப் பதினோரு நாள் பணிமனையில் நின்றது, ஆனாலும் அந்த மாதம் பதினான்கு பேருக்குச் சான்று கொடுத்திருக்கிறேன். நடந்தது என்னவென்றால், இரண்டு மாணவர்களை ஒன்றாக ஏற்றிக்கொண்டு, ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த நேரத்தையும் இருவருக்கும் ஓட்டிய நேரமாக எழுதியிருக்கிறோம். பார்ப்பதும் பாடம்தான் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விதி கேட்பது கையால் ஓட்டிய நேரத்தை. அந்த மாணவர்களில் ஒன்பது பேரின் தொலைபேசி எண் இருக்கிறது. விடுபட்ட மணி நேரத்தைக் கட்டணமில்லாமல் வந்து ஓட்டிக்கொள்ளச் சொல்லி இன்று காலையிலிருந்து அழைத்துக்கொண்டிருக்கிறேன். நான்கு பேர் வருவதாகச் சொன்னார்கள், இரண்டு பேர் இப்போது வடநாட்டு லோடில் இருக்கிறார்கள்.

ஆறு சக்கரம் சொன்ன அதிகாலை வகுப்பை அடுத்த மாதம் தொடங்குகிறேன். வேலைவாரியாக மணிக்கணக்கு எழுதிய தாளையும் அச்சடிக்கக் கொடுத்திருக்கிறேன். பின்னால் எடுப்பதற்கு மட்டும் நான்கு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன், போதுமா தம்பி? கட்டணத்தை 12,000-லிருந்து குறைக்கப் போவதில்லை. ஆனால் டீசல், பயிற்றுநர், அரசுக் கட்டணம் என்று அது எங்கே போகிறது என்பதைப் பலகையில் எழுதி வாசலில் மாட்டப் போகிறேன். பழகுநர் உரிமத்துக்கு 150, தேர்வுக்கு 300, உரிமத்துக்கு 200 என்று விதியிலுள்ள தொகையே தெரியாமல், எல்லாம் ஆபீஸ் செலவு என்று நம்பிப் பணம் கொடுக்கிறவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள்.

தகவல் உரிமை மனுவை என் பள்ளியையும் சேர்த்தே எழுதுகிறேன். ஆடி மாத எண்ணிக்கை அதில் வெளியே வரும் என்பது தெரியும், வரட்டும். மனுவின் வாசகத்தை யாராவது பார்த்துத் திருத்தித் தர முடியுமா?

ஆறு சக்கரம்

நான்கு மணி நேரம் போதும் அண்ணா. அதில் ஒரு மணி நேரமாவது இருட்டில் வையுங்கள், நாங்கள் லோடு இறக்குவது பெரும்பாலும் இரவில்தான்.

வழக்குக்கட்டு

மனு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் போகட்டும், கட்டணம் 10 ரூபாய். "ஏன் பயிற்சி இல்லாமல் சான்று தரப்படுகிறது" என்பதுபோல் கேள்வியாகக் கேட்காதீர்கள், அதற்குப் பதில் தர அவர்களுக்குக் கடமை இல்லை. அலுவலகத்தில் இருக்கிற பதிவை மட்டும் கேளுங்கள். இப்படி எழுதலாம்: "தங்கள் அலுவலக எல்லைக்குட்பட்ட ஒவ்வொரு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்கும், கடந்த 24 மாதங்களில் மாதவாரியாக, போக்குவரத்து வாகன உரிம விண்ணப்பங்களுடன் இணைக்கப்பட்ட படிவம் 5 சான்றுகளின் எண்ணிக்கை, அதே காலத்தில் அப்பள்ளிக்கு ஒப்புதல் பெற்ற கனரக வாகனங்கள், பயிற்றுநர்கள் ஆகியோரின் எண்ணிக்கை, அப்பள்ளியில் நடத்தப்பட்ட ஆய்வுகளின் தேதிகளும் ஆய்வறிக்கை நகல்களும்." முப்பது நாளில் பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். பதில் வந்ததும் எண்களை இங்கே பதியுங்கள், 28-ஆம் விதிப் புகாரை நான் எழுதித் தருகிறேன்.